நாலாவது ஃபிரெட்டுக்கு ஒரு வழி

கிடாரில் என்ன வாசிப்பீர்கள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு மேஜர் ஸ்கேல் வாசிப்பேன்" என்றுதான் முதலில் சொல்வேன். மூன்று சின்னப் பாடங்களும் தெரியும். அதைப் பிறகுதான் சொல்வேன். கேட்டவர் முகம் லேசாக வாடும். ஒரு சினிமாப் பாட்டாவது எதிர்பார்த்திருப்பார். ஸ்கேல் என்பது ஏழு ஸ்வரங்களை வரிசையாக ஏறி, எட்டாவதாக முதல் ஸ்வரத்தையே மேலே ஒருமுறை தொட்டு, வந்த வழியே இறங்குவது. பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதிப் பழகுவது மாதிரி. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு நிறைய இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில், இடது கையில் நாலரை விரலை வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டது அது.

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். சார்ட்டிங் ரூம் என்போம். காய்ந்து வரும் தூளைச் சலித்து ரகம் ரகமாகப் பிரிக்கும் இடம். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். ஃபேக்டரிக்குள் வேலை மாற்றிக் கொடுத்தபோது மழையில் நனைய வேண்டாம், அட்டை கடிக்காது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வருஷம் ஒரு நாள் சல்லடை மெஷினின் பெல்ட்டில் சணல் நூல் சிக்கிக்கொண்டது. பெல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டிய தகர மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டேன். அது நிற்கவில்லை. நிற்கப் போய்க்கொண்டிருந்தது.

இடது சுண்டுவிரலின் மேல் கணு போய்விட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். மிஞ்சிய துண்டும் மடங்காமல் ஆணி மாதிரி நேராக நின்றது.

காயம் ஆறிவிட்டது. கை ஆறவில்லை. யார் எதிரே வந்தாலும் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன். பஸ்ஸில் வலது கையால் மட்டும் கம்பியைப் பிடிப்பேன். கல்யாண வீட்டில் சந்தனம் எடுக்கக்கூட அந்தக் கை வெளியே வராது. மூன்று மாதம் அப்படி மடியிலேயே வைத்திருந்ததில், ஒன்றும் ஆகாத மற்ற மூன்று விரல்களும் விறைத்துப்போயின. டம்ளரைப் பிடித்தால் நழுவியது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போதுதான் ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். நிலம்பூர்க்காரர். முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் நன்றாகப் பேசுவார். இடையிடையே மலையாளம் எட்டிப் பார்க்கும், கோபம் வந்தால் இன்னும் அதிகமாக. என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சேச்சி, போனது ஒரு விரலோட நுனி. மத்த மூணு விரலும் என்ன தப்பு பண்ணிச்சு? எதுக்கு அதுக்கும் சேத்து தண்டனை?"

ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். நான் இருபதோடு நிறுத்திவிட்டு நூறு என்று சொல்லிவந்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் பந்தை வாங்கிப் பார்த்தார். கொடுத்தபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது.

"இது கடையில இருந்தப்ப இதவிட அழுக்கா இருந்திருக்கும், கேட்டோ" என்றார்.

ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மறுபடி டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். கம்பவுண்டர் இல்லை. டாக்டர் குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம்தான். மழைச் சத்தத்துக்கு நடுவே அங்கிருந்து ஏதோ வாத்தியம் கேட்டது. கல்யாண மண்டபத்தில் வாசிக்கும் எலெக்ட்ரிக் கிடாரின் கூர்மை அதில் இல்லை. உருண்டையான, மரத்துக்குள்ளிருந்து வருகிற சத்தம். கதவு திறந்திருந்தது. டாக்டர் கைப்பிடியில்லாத நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இடது காலை ஒரு சின்ன முக்காலி மேல் தூக்கி வைத்து, கிடாரை இடது தொடையில் சாய்த்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவர் முகத்தை அல்ல, இடது கையை. விரல்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆட்கள் போல நடந்தன.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"சேச்சி, உள்ள வாங்க. உக்காருங்க."

"சேலையெல்லாம் ஈரம், டாக்டர்."

"சாரமில்ல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கிடாரைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். பச்சைக் குழந்தையைக் கையில் திணித்தது போலப் பதறிப்போனேன். நைலான் கம்பிகள், அதனால் விரலை அறுக்காது என்றார். இதற்குக் கிளாசிக்கல் கிடார் என்று பெயர் என்றார். ஏழு வயதிலிருந்து கோழிக்கோட்டில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டதாம். பிறகு என் மோதிரவிரலைப் பிடித்து ஐந்தாவது கம்பியின் மேல் வைத்தார். கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கோடுகள் பதித்திருக்கும். ஃபிரெட் என்பார்கள். மூன்றாவது கோட்டை ஒட்டி விரலை அழுத்தச் சொன்னார்.

"இனி வலது கையால தட்டுங்க."

தட்டினேன். 'டப்' என்றது. ஸ்வரம் வரவில்லை. மோதிரவிரல் மடங்காமல் தட்டையாகப் படுத்துக்கொண்டிருந்தது.

"இது பந்தவிட நல்ல வேலை. இதுல ஏமாத்த முடியாது. சத்தம் காட்டிக் கொடுத்துரும்" என்றார் டாக்டர்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஷிஃப்ட் முடிந்து டிஸ்பென்சரி வழியாக வீட்டுக்குப் போவேன். கால் மணி நேரம். பத்து நாள் அந்த ஒரே ஸ்வரம்தான். டப், டப், டப். கம்பவுண்டர் சிரித்தார். பதினோராவது நாள் விரலின் நடுக்கணு கொஞ்சம் மடங்கி, நுனி நேராகக் கம்பியில் இறங்கியது. தட்டியதும் 'ணங்' என்று எழுந்த சத்தம் அறை முழுக்க நின்றது. டாக்டர் அடுத்த அறையில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "அதுதான் சேச்சி! ஒண்ணுகூடி!" என்று கத்தினார். இன்னொரு தடவை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். ஊசி போட்டுக்கொண்டவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அது சி மேஜர் ஸ்கேலின் முதல் ஸ்வரம். அடுத்தது நாலாவது கம்பியை விரல் வைக்காமல் சும்மா தட்டுவது. அப்புறம் நடுவிரல், மோதிரவிரல், மறுபடி சும்மா ஒரு கம்பி, நடுவிரல், சும்மா, கடைசியில் ஆள்காட்டி விரல். எட்டு ஸ்வரம் முடிந்துவிட்டது. முதல்முறை முழுதாக ஏறி முடித்தபோது ஒன்றைக் கவனித்தேன்.

"டாக்டர், இதுல சுண்டுவிரலே வரலியே."

"வராது. அதனாலதான் இத முதல்ல குடுத்தேன்" என்றார்.

என் விரல் நுனிகள் வலிக்கவே இல்லை. அதில் டாக்டருக்கு ஆச்சரியம். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் முதல் மாதம் வலியில் அழுவார்களாம். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்கள், வலிக்க அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்றேன். கஷ்டமெல்லாம் வலது கையில்தான் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். நடக்கும்போது ஒரே காலை இரண்டு தடவை எடுத்துவைக்க முடியாது இல்லையா, அதுபோல. என் ஆள்காட்டி விரல் மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி இரண்டு தடவை முந்திக்கொண்டது. சல்லடைப் பக்கத்தில் நிற்கும்போதும் இரண்டு விரலாலும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பேன். மேஸ்திரி ஒருநாள், "என்னம்மா, நடுக்கமா?" என்று கேட்டார்.

டாக்டரிடம் பழைய கிடார் ஒன்று இருந்தது. அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரருக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. அவர் எஸ்டேட்டில் மராமத்து வேலை பார்க்கிறார். கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் அவர் கைதான். பேச்சு ரொம்பக் கம்மி. நான் பையைத் திறந்து எடுத்ததும் கிடாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரத்தைத்தான் பார்த்தார்.

"நல்ல பலகை" என்றார்.

"காலத் தூக்கி வைக்க முக்காலி ஒண்ணு வேணும். இவ்வளவு உசரம்." கையால் காட்டினேன்.

மறுநாள் சில்வர் ஓக் பலகையில் ஒன்று செய்துகொண்டு வந்தார். உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் தாடையை இடித்தது. "உக்காரு, எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருக்கும்போதே பென்சிலால் குறித்து, வெளியே கொண்டுபோய் அறுத்தார். மூன்று தடவை அறுத்தார். மூன்றாவது தடவை கிடார் தொடையில் அசையாமல் நின்றது.

"சத்தம் சரியா வருதா?"

"வருது."

"அப்ப சரி" என்று தூசியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உனக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பையை மூடியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது லைன் வீடு. இலங்கையிலிருந்து வந்த என் மாமனார் கடைசிவரை அதை லயம் என்றுதான் சொன்னார். எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் கேட்கும். சாயங்காலம் அரை மணி நேரம் ஒரே ஸ்கேலை ஏறி இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். ஒருநாள் சுவரை யாரோ தட்டினார்கள். வாசிப்பதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண், என்னோடு கொழுந்து பறித்தவள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா! இன்னிக்கு ஒண்ணு குறையுது!"

"என்ன குறையுது?"

"ஏறும்போது எட்டு வருது. எறங்கும்போது ஏழுதான் வருது."

நம்பாமல் மறுபடி வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இறங்கும்போது நடுவில் சும்மா தட்ட வேண்டிய ஒரு கம்பியை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக அவள் அடுப்படியில் எண்ணிக்கொண்டே சமைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்துவதை விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் விரல்கள் நன்றாக மடங்க ஆரம்பித்துவிட்டன. டம்ளர் நழுவவில்லை. இனி வைத்தியம் வேண்டியதில்லை என்று டாக்டர் என் கார்டில் எழுதி முடித்தார். எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"சேச்சி, நவம்பர் கடைசியில ஊட்டியில மியூசிக் பரீட்சை நடக்கும். முதல் கிரேடு. எழுதுறீங்களா?"

"பரீட்சையா? எனக்கா?"

"ஏன், பரீட்சையே எழுதினதில்லியா?"

"ப்ளஸ் டூ எழுதினேன்."

"பாஸா?"

"கணக்குல போச்சு."

அதற்குப் பிறகு மறுபடி எழுதவில்லை. அடுத்த மாதமே தோட்டத்துக்குப் போய்விட்டேன். அதைச் சொன்னதும் டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இதுல கணக்கு கிடையாது" என்றார். அன்றைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சரி என்றேன்.

பரீட்சைக்கு மூன்று சின்னப் பாடங்களும் சில ஸ்கேல்களும் உண்டு. ஸ்கேல்களில் முக்கியமானது ஜி மேஜர். சி மேஜரைப் போல எட்டோடு நிற்காது. தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பிவரை, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு எட்டு ஏற வேண்டும். அதன் முதல் எட்டில் ஏழாவதாக வரும் ஸ்வரம் நாலாவது கம்பியில் நாலாவது ஃபிரெட்டில் இருக்கிறது. டாக்டர் வாசித்துக் காட்டினார். ஆறு ஸ்வரம் வந்தது. ஏழாவதுக்கு அவருடைய சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது.

அவர் கையை எடுத்ததும் கிடாரை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

முதலில் என் மிச்ச விரலை வைத்துப் பார்த்தோம். கம்பியைத் தொட்டது, அழுத்தவில்லை. தையல் போட்ட இடம் சுளீரென்றது. பிறகு மோதிரவிரலை எட்டிப் போடச் சொன்னார். நடுவிரல் இரண்டாவது ஃபிரெட்டில் இருக்கும்போது மோதிரவிரல் நாலாவதுக்கு நீள வேண்டும். என் விரல்கள் இப்போதுதான் மடங்கவே கற்றிருந்தன. அவ்வளவு அகலம் விரியவில்லை. விரித்து வைத்தால் ஸ்வரம் நசுங்கி வந்தது. ஒரு வாரம் முயன்றேன். உள்ளங்கை வீங்கிவிட்டது.

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கையில இப்படின்னு நான் ஒரு சர்டிஃபிகேட் எழுதித் தர்றேன். அந்த ஸ்கேல விட்டுட்டு வேற குடுப்பாங்களான்னு கேக்கட்டா?"

"வேண்டாம் டாக்டர்."

அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன். இப்போது, என் கையைக் காரணம் காட்டி ஒரு ஸ்வரத்தை விட்டுக்கொடுங்கள் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது பிடிக்கவில்லை. எனக்கு அந்த ஸ்வரம் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் பந்தலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். நான் ஜி மேஜரை ரொம்ப மெதுவாக, ஒரு ஸ்வரத்துக்கு நாலு எண்ணி வாசித்துக்கொண்டிருந்தேன். நாலாவது கம்பிக்கு வந்ததும் முதலில் அதை விரல் வைக்காமல் சும்மா தட்ட வேண்டும். தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணும்போது இடது கையைப் பார்த்தேன். அது ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

சும்மாதானே நிற்கிறது, நகர்ந்தால் என்ன?

கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கையை மொத்தமாக ஒரு கோடு தள்ளி வைத்தேன். இப்போது இரண்டாவது ஃபிரெட்டில் நடுவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரல் வந்து நின்றது. நாலாவது ஃபிரெட்டுக்கு நேரே, நீட்டாமல், விரிக்காமல், மோதிரவிரல் இருந்தது. அழுத்தினேன். ஸ்வரம் வந்தது. சுத்தமாக வந்தது. அதற்கு அடுத்த ஸ்வரமும் சும்மா தட்டும் கம்பிதான். அது ஒலிக்கும் நேரத்தில் கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். மேலே இருக்கும் இரண்டாவது எட்டில் நாலாவது ஃபிரெட்டே வராது. ஏறி முடித்தேன். இறங்கும்போதும் அதே இடத்தில் அதே மாதிரி தள்ளி, திரும்பி வந்தேன்.

கிடாரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து மறுபடி வாசித்தேன், கனவு இல்லையே என்று பார்க்க. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, இது புதுசா இருக்கே, நீளமா இருக்கே!" என்று குரல் வந்தது.

மறுநாள் டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "ஒண்ணுகூடி" என்றார். மறுபடி வாசித்தேன். தன் கிடாரை எடுத்து, அவரும் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு அதே மாதிரி வாசித்துப் பார்த்தார்.

"ஞான் இத யோசிச்சதே இல்ல சேச்சி" என்றார். "எனக்குச் சுண்டுவிரல் இருந்துச்சு, அதனால யோசிக்கல."

புத்தகத்தில் அந்த ஸ்வரங்களுக்கு மேலே அச்சிட்டிருந்த விரல் எண்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, என்னுடையதை எழுதினார். அந்தப் பக்கத்தை வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் காட்டினேன்.

பரீட்சை அன்று டாக்டர் என்னோடு வருவதாகத்தான் இருந்தது. முந்தின நாள் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதால் அவரால் நகர முடியவில்லை. வீட்டுக்காரர் லீவ் போட்டார். விடியற்காலை முதல் பஸ். நாடுகாணிக்கு முன்னால் வளைவில் யானை நின்றதால் முக்கால் மணி நேரம் பஸ்ஸும் நின்றது. அவர் கிடார்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். நான் என் வலது முன்கையையே கிடாரின் கழுத்தாக நினைத்து இடது விரல்களால் ஸ்கேலைப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடலூரில் பஸ் மாறி, நடுவட்டம் ஏறி, ஊட்டியில் இறங்கும்போது குளிரில் கை மரத்திருந்தது. அவர் இரண்டு டீ வாங்கினார். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஸ்வெட்டரும் ஷூவுமாக, தங்களைவிடப் பெரிய பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுமியும் அவளுடைய அம்மாவும். அந்த அம்மா மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, உங்க பாப்பா உள்ள போயிருக்குதுங்களா?"

"இல்லீங்க. பரீட்சை எனக்குத்தான்."

அவர் என் நரைத்த முன்முடியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிக் கொஞ்சம் நகர்ந்து, எனக்கு வெயில் விழும்படி இடம் விட்டார். சிறுமி அப்படி விடவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முந்தானைக்குள் அதை இழுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆன்ட்டி, இந்த விரலு வலிக்குங்களா?"

"வலிக்காது கண்ணு. குளிருக்கு மட்டும் மரத்துப்போகும்."

"இத வெச்சு எப்படி ஜி மேஜர் வாசிப்பீங்க?"

பெரியவர்கள் யாரும் கேட்காததை அவள் நேரே கேட்டாள். காற்றிலேயே விரலைத் தள்ளிக் காட்டினேன். அவள் தன் கிடார்ப் பையின் மேல் செய்து பார்த்துவிட்டு, "ஓ" என்றாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. பரீட்சை வைக்கிறவர் வெளியூர்க்காரர், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். ஆங்கிலம்தான் பேசினார், நிதானமாக. மூன்று பாடங்களையும் வாசித்தேன். சுமாராகத்தான் போனது. இரண்டாவதில் ஓர் இடத்தில் தடுக்கியது. பிறகு சி மேஜர் கேட்டார், வாசித்தேன். அடுத்து, "ஜி மேஜர், டூ ஆக்டேவ்ஸ்" என்றார்.

ஆரம்பித்தேன். சரியாக அந்த இடத்துக்கு வந்ததும், கை நகர்ந்தது, ஆனால் குளிரில் மோதிரவிரல் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. 'டப்' என்றது. நிறுத்திவிட்டேன். டாக்டர் இதற்கென்றே ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"மே ஐ ஸ்டார்ட் அகைன், மேடம்?"

"யெஸ், ப்ளீஸ். டேக் யுவர் டைம்."

கையை உதறிக்கொண்டேன். கக்கத்தில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றினேன். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன். மறுபடி ஆறாவது கம்பியிலிருந்து தொடங்கினேன். ஏறினேன். அந்த இடம் வந்தது, தள்ளினேன், அழுத்தினேன், ஒலித்தது. மேலே கடைசி ஸ்வரம்வரை போய்த் திரும்பி இறங்கினேன். இறக்கத்திலும் சரியாக வந்தது. கடைசி ஸ்வரம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவர் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தன் இடது கையை உயர்த்தி, என்னைப் போலவே ஒரு கோடு தள்ளிக் காட்டி, ஏதோ கேட்டார். வேகமாகக் கேட்டதில் 'ஹூ', 'டீச்', 'ஃபிங்கரிங்' என்ற மூன்று வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. இந்த விரல் முறையை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறார்.

"மீ" என்றேன். அது போதாது என்று தோன்றியதால், "மீ ஒன்லி, மேடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று இங்கே கட்டாயமில்லை, காதில் விழுவதுதான் முக்கியம் என்று மெதுவாகச் சொன்னார். அது முழுதாகப் புரிந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "எப்படி?"

"ஒரு தடவ விழுந்துட்டேன். எந்திரிச்சுட்டேன்."

"நான் கதவுக்கு வெளிய கேட்டேன். ரெண்டாவது தடவ நல்லா இருந்துச்சு" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பாராட்டு வந்ததில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் ஷிஃப்ட் நடுவில் டாக்டரே சார்ட்டிங் ரூமுக்கு வந்துவிட்டார். தூசிக்கு மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு என்னவோ கத்தினார். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பாஸுக்கு ஒரு படி மேலே கொடுத்திருந்தார்கள். ஸ்கேலுக்கு எதிரே இரண்டு வரி எழுதியிருந்தது. டாக்டர் என் காதில் வாய் வைத்துத் தமிழில் சொன்னார். "சத்தம் சமமா இருக்கு, அவசரமில்லாம இருக்கு, கஷ்டமான இடத்த நல்லா யோசிச்சுக் கடந்திருக்காங்க."

மேஸ்திரி ஓடிவந்து மெஷினை நிறுத்தினார், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. அந்த அமைதியில் டாக்டர், "பாஸாயிட்டாங்க!" என்று சொன்னது, தூள் காயவைக்கும் டிரையர் வரைக்கும் கேட்டது.

கூட வேலை செய்பவர்கள் விடவில்லை. நாளைக்கு அதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டு என்றார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சைப் போட்டார்கள். பதினைந்து பேர் டிபன் பாக்ஸோடு சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னப் பாடங்களை முதலில் வாசித்தேன். தலையாட்டினார்கள். பிறகு, "பரீட்சையில பேர் வாங்கினது இதுதான்" என்று சொல்லி, ஜி மேஜரை வாசித்தேன்.

முடிந்ததும் ஒருத்தி, "அவ்வளவுதானா? பாட்டு எங்க?" என்றாள்.

"பாட்டு இல்ல. இது ஸ்கேல். எல்லாப் பாட்டும் இதுக்குள்ள இருந்துதான் வரும்."

"அப்ப இன்னொரு தடவ வாசி, மெதுவா. சரியாக் கேக்கல."

மெதுவாக வாசித்தேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்காக இன்னொரு தடவை. மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையிலும் ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை.